ஹாலோபெரிடாலா, ஓலான்ஸபினா? கோத்தகிரி டீ எஸ்டேட் லைன் வீட்டுல இருந்து பார்த்தா

ரெண்டுமே சைகோசிஸ்ங்கற மனநோய்க்கான மருந்துதான், காதுல குரல் கேக்கறது, யாரோ வேவு பாக்கறாங்கன்னு பயப்படறது எல்லாத்தையும் ரெண்டும் அடக்கும். "மருந்து ஆளையே மாத்திடுச்சு"ன்னு சொல்றாங்களே, அங்கதான் வித்தியாசம்.

ஹாலோபெரிடால் 1958ல கண்டுபிடிச்சது, விலை கம்மி, தூக்கமும் அவ்வளவா இழுக்காது. ஆனா கை விறைக்கும், கொழுந்து பறிக்கறவங்களுக்கு இது நேரா கூலில இடிக்கும், விரல் மெதுவானா எடை போடறப்ப கிலோ குறையுது. அதைவிடக் கொடுமை அகதீசியான்னு ஒண்ணு, மருந்தால உடம்பு ஒரு இடத்துல நிலையா இருக்க முடியாம தவிக்கறது. எங்க லைன்ல ஒரு அண்ணன், உக்காந்தா கால் ஆடும், உடனே எந்திரிச்சு வாசல்லயே நடப்பாரு, பனி கொட்டற ராத்திரிலயும் நடப்பாரு, வீட்ல நோய் முத்திடுச்சுன்னு நினைச்சு டாக்டர்ட்ட அப்படியே சொல்ல டோஸ் ஏறுச்சு, நடை இன்னும் ஜாஸ்தியாச்சு. அப்புறம் வேற டாக்டர் டோஸைக் குறைச்சு, அந்தத் தவிப்பை அடக்க ப்ரோப்ரனோலால்னு ஒரு மாத்திரை சேர்த்தாரு, அதுக்கப்புறம்தான் மனுஷன் உக்காந்து ஒரு டம்ளர் டீ குடிச்சாரு.

ஓலான்ஸபின்ல இந்தத் தொல்லை கம்மி. பதிலுக்குப் பசி, அதுவும் பேய்ப் பசி, ராத்திரி ஒரு பாக்கெட் வர்க்கி காலியாகும், காலைல எழுப்பவே முடியாது, உடனே "சோம்பேறி"ங்கற பேரு. அது சோம்பல் இல்லீங்க, மாத்திரை. எடையும் சுகரும் ஏறும்.

இந்த மாதிரி மருந்துகளை ஒப்பிட்டுப் பாத்து அமெரிக்காவுல 2005ல வெளியான கேட்டி (CATIE) ஆய்வுல 18 மாசத்துக்குள்ள ஓலான்ஸபினைப் பாதில நிறுத்தினவங்க 64 சதவீதம், ஹாலோபெரிடால் மாதிரி பழைய வகையான பெர்ஃபெனசினை நிறுத்தினவங்க 75 (ஹாலோபெரிடால் அந்த ஆய்வுல இல்ல). அதுல இருந்த மத்த மூணு புது மருந்தும் பழசை விடப் பெருசா ஜெயிக்கல. ஆனா எடை ஏறினதுலயும் ஓலான்ஸபின்தான் முதல்ல.

என்னைக் கேட்டா, குடும்பத்துல சுகர் இல்லாத ஆளுக்கு ஓலான்ஸபின், ராத்திரி கொஞ்சம் சீக்கிரமே போட்டு, எடையும் சுகரும் விடாம பாக்கணும். சுகர் இருந்தா பழசான ஹாலோபெரிடாலையே குறைஞ்ச டோஸ்ல கேட்டுப் பாருங்க. எதுவா இருந்தாலும் திடீர்னு நிறுத்திடாதீங்க.

மாத்திரை மறக்கற ஆளுக்கு அதே மருந்தை மாசம் ஒரு ஊசியா போடறது நல்லதுதான், பஸ் பிடிச்சு ஊட்டிக்கு அலையறதும் மிச்சம், ஆனா ஊசி போட்ட பிறகு அந்தக் கால் ஆட்டம் வந்தா மருந்தைத் திருப்பி எடுக்க முடியாது, வாரக்கணக்குல உடம்புலயே இருக்கும், அதனால முதல்ல அதே மருந்தை மாத்திரையா குடுத்து ஒத்துக்குதான்னு பாக்கச் சொல்லுங்க.