லெக்சஸ் எல்சி 500, போர்ஷே கேமன் ஜிடிஎஸ் 4.0: அன்றாடச் சொகுசுக்கு எது, ஓட்டும் சுகத்துக்கு எது?

ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் குதிரைத்திறனைப் பார்க்கிறார்கள். அடுத்து, நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி ஆகும் என்று பார்க்கிறார்கள். தேர்ந்தெடுப்பதற்கு இந்த இரண்டு எண்களும் அதிகம் உதவாது என்பது என் கட்சி. இன்றைக்குக் கொஞ்சம் விலை உயர்ந்த குடும்பக் கார்கள்கூட ஐந்தாறு நொடிகளில் நூறைத் தொட்டுவிடுகின்றன. மின்சாரக் கார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தக் கார் எந்த வேகத்தில் தன் சுகத்தைக் கொடுக்கத் தொடங்குகிறது?

இந்தக் கேள்வியோடு அருகருகே நிறுத்திப் பார்ப்பதற்கு லெக்சஸ் எல்சி 500, போர்ஷே 718 கேமன் ஜிடிஎஸ் 4.0 என்ற ஜோடியைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கச் சந்தையில் இரண்டும் 90,000 டாலரை ஒட்டிய விலையில் விற்கப்பட்டவை. வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கு எல்லோரும் மாறிவிட்ட காலத்தில் இரண்டுமே டர்போ இல்லாத பெரிய எஞ்சினோடு வந்தவை. அதற்கு மேல் ஒற்றுமை எதுவும் இல்லை. ஒன்று சொகுசுக் கார் என்றும் மற்றது ஓட்டுநரின் கார் என்றும் எல்லோரும் பெயர் சூட்டிவிட்டார்கள். அந்தப் பெயர்கள் பாதிதான் உண்மை.

எண்களை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறேன். எல்சி 500-இல் முன்பக்கம் 5.0 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 471 குதிரைத்திறன், பத்து கியர் ஆட்டோமேட்டிக், எடை ஏறத்தாழ 1,940 கிலோ. கேமன் ஜிடிஎஸ் 4.0-இல் இருக்கைக்குப் பின்னால் 4.0 லிட்டர் எஞ்சின், படுக்கைவாட்டில் ஆறு சிலிண்டர், 394 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், எடை 1,405 கிலோ. டன்னுக்குக் கணக்குப் போட்டால் லெக்சஸுக்கு சுமார் 240 குதிரைத்திறன், போர்ஷேவுக்கு 280. இரண்டும் குடிக்கும் பெட்ரோல் கிட்டத்தட்ட ஒன்றுதான். நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டினால் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மைலேஜ் பார்த்து இந்த இரண்டுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டையும் வாங்காமல் இருப்பதே நல்லது.

எல்சி: நாற்பதிலேயே பாடும் கார்

2012 டெட்ராய்ட் கண்காட்சியில் லெக்சஸ் எல்எஃப்-எல்சி என்றொரு மாதிரிக் காரை நிறுத்தியது. கண்காட்சி மாதிரிகள் உற்பத்திக்கு வரும்போது கூர்மைகள் மழுங்கி, சக்கரங்கள் சிறுத்து, ஆளே அடையாளம் தெரியாமல் போவதுதான் வழக்கம். 2016 ஜனவரியில் அதே டெட்ராய்ட்டில் உற்பத்தி வடிவம் வந்தபோது மாதிரியின் தோற்றம் பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருந்தது. அந்தக் காரின் தலைமைப் பொறியாளராக இருந்த கோஜி சாட்டோ 2023-இல் டொயோட்டாவுக்கே தலைவரானார். எல்எஃப்ஏ என்ற அபூர்வக் கார் தயாரான மோட்டோமாச்சி ஆலையில்தான் எல்சியும் தயாரானது.

இந்தக் காரின் சிறப்பு அதன் எஞ்சின் பேசும் விதம். டர்போ வைத்த எஞ்சினில் வெளியேறும் புகையின் பாதையிலேயே ஒரு விசிறி குறுக்கே நிற்கிறது. ஒலி அதில் அடிபட்டு மந்தமாகித்தான் வெளியே வருகிறது. எல்சியின் வி8-க்கு அந்தத் தடை இல்லை. போக்குவரத்து விளக்கிலிருந்து மெதுவாகக் கிளம்பும்போதே அடித்தொண்டையில் ஓர் உறுமல் கேட்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளைத் தாண்டும்போது குரல் உயர்கிறது. 7,000-ஐ நெருங்கும்போது, அமைதிக்குப் பேர்போன லெக்சஸா இது என்று சந்தேகம் வந்துவிடும். பத்து கியர்கள் இருப்பதால் கியருக்குக் கியர் இடைவெளி குறைவு. சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள்ளேயே எஞ்சினின் முழுக் குரலையும் கேட்டுவிடலாம்.

ஓட்டாதபோதும் கொடுக்கும் கார் இது. கதவின் கைப்பிடி உடலோடு ஒட்டிக் கிடந்து, பூட்டைத் திறந்ததும் வெளியே வரும். உள்ளே கதவுப் பலகையில் துணி மடிப்புப் போல அலையோடும் அல்காண்டாரா என்னும் மென்மையான செயற்கைத் துணி. தையலிலும் தோலிலும் அவசரம் தெரியாது. நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றாலும் எரிச்சல் வராது. தினசரிக் காருக்கு இதைவிடப் பெரிய தகுதி எது?

குறை இல்லாமல் இல்லை. வளைவுகள் தொடர்ந்து வந்தால் அந்த 1,940 கிலோ தன் இருப்பைத் தெரிவிக்கும். ஸ்டியரிங் துல்லியமானதுதான், ஆனால் சாலையின் சேதியைக் கைக்குக் கொண்டுவருவதில் கஞ்சத்தனம் காட்டும். ஆரம்ப வருடங்களின் திரையை ஒரு தொடுபலகையில் விரலைத் தேய்த்துத்தான் இயக்க வேண்டும். பாட்டை மாற்றுவதற்குள் இரண்டு சந்திப்புகள் கடந்துவிடும். 2024 மாடலில்தான் தொடுதிரை வைத்து அந்தத் தொல்லையை ஒழித்தார்கள்.

கேமன்: எல்லாம் சரி, கியர்தான் நீளம்

718 கேமன் 2016-இல் வந்தபோது போர்ஷே ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் டர்போவைப் பொருத்தியது. வேகம் கூடியது, குரல் போனது. ரசிகர்கள் விட்ட சாபம் கொஞ்சமல்ல. 2020 ஜனவரியில் ஜிடிஎஸ் 4.0 அறிவிக்கப்பட்டபோது ஆறு சிலிண்டர் திரும்பி வந்தது, அதுவும் டர்போ இல்லாமல், 7,800 சுற்று வரை போகும்படி.

எஞ்சின் இரண்டு அச்சுகளுக்கு நடுவில் இருப்பதால் காரின் கனம் ஓட்டுநரின் முதுகை ஒட்டியே இருக்கிறது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் முதலில் போய்ப் பின்பக்கம் யோசித்துவிட்டு வருவதில்லை. கார் முழுவதும் ஒரே உடம்பாகத் திரும்புகிறது. முன்சக்கரம் எந்தப் பள்ளத்தில் இறங்கியது என்பது உள்ளங்கைக்குத் தெரியும். கியர் மாற்றும்போது கிளட்ச், கைப்பிடி, ஆக்சிலரேட்டர் மூன்றும் ஒரே கனத்தில் அமைந்திருப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஓட்டிப் பார்த்தவர்கள் முதலில் சொல்வதே அதைத்தான்.

இப்போது வில்லங்கத்துக்கு வருகிறேன். மேனுவல் கேமனின் கியர்கள் மிக நீளமானவை. இரண்டாம் கியரைச் சிவப்புக் கோடுவரை, அதாவது எஞ்சின் சுழற்சியின் உச்ச வரம்புவரை, இழுத்தாலே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் பரிந்துரைக்கப்படும் வேகமே 130 தான். இங்கிலாந்து நெடுஞ்சாலையின் வரம்பு 112. இந்தக் காரின் மிகச் சிறந்த இரண்டாயிரம் சுற்றுகளை, அதாவது குரல் உச்சத்துக்குப் போகும் அந்தப் பகுதியை, முதல் கியரைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்றால் உலகின் பெரும்பாலான சாலைகளில் அபராதம் கட்டத் தயாராக இருக்க வேண்டும். மூன்றாம் கியரைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அது பந்தயப் பாதைக்கு மட்டும்.

ஓட்டும் சுகத்துக்கென்றே வாங்கப்படும் கார் தன் சுகத்தில் பாதியைப் பொதுச் சாலைக்கு எட்டாத இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. சொகுசுக்கென்று வாங்கப்படும் கார் தன் குரலை ஐம்பதிலும் அறுபதிலும் தாராளமாகத் தருகிறது. பெயர்கள் பாதிதான் உண்மை என்று சொன்னது இதனால்தான். இன்னொரு வேடிக்கையும் உண்டு: பின்னர் வந்த பிடிகே என்னும் ஏழு கியர் ஆட்டோமேட்டிக்கில் கீழ்க்கியர்கள் குட்டையானவை. நூறைத் தொடுவதிலும் அது மேனுவலைவிட அரை நொடி முந்துகிறது. மேனுவல்தான் உயர்ந்தது என்று சத்தியம் செய்பவர்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

ஆனால் கேமனின் சுகம் எஞ்சினோடு முடிந்துவிடவில்லை. ஊர்ச்சாலையின் சாதாரண வளைவில் எழுபதில் போகும்போதும் ஸ்டியரிங் பேசுகிறது, பிரேக் பேசுகிறது. இந்த விஷயத்தில் எல்சி அருகில்கூட வராது.

சாமான் வைக்கும் இடத்தில் ஓர் அதிர்ச்சி

சொகுசுக் காரில்தான் இடம் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. எல்சியின் டிக்கி 200 லிட்டருக்கும் குறைவு. ஒரு பெரிய பெட்டி வைத்தால் நிறைந்துவிடும். பின்னிருக்கை மடங்காது. அதில் பெரியவர்கள் உட்காரவும் முடியாது. கைப்பையும் கோட்டும் போட்டுவைக்கலாம். கேமனுக்கு இரண்டே இருக்கைதான், ஆனால் எஞ்சின் நடுவில் இருப்பதால் முன்னால் 150 லிட்டருக்கு ஒரு டிக்கி, பின்னால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. இருவர் ஒரு வாரம் வெளியூர் போக கேமனே வசதி. அகலத்திலும் எல்சி 1,920 மில்லிமீட்டர், கேமன் 1,801. பன்னிரண்டு சென்டிமீட்டர் என்பது பழைய ஐரோப்பிய நகரங்களின் நிலத்தடி நிறுத்துமிடத்தில் கதவைத் திறந்து இறங்குவதற்கும் இறங்க முடியாமல் தவிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

நீண்ட பயணத்தில் நிலைமை தலைகீழாகும். கேமனில் எஞ்சின் காதுக்கு ஒரு முழம் பின்னால் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் இசை, நான்காவது மணி நேரத்தில் இரைச்சல். டயர் ஓசையும் சேர்ந்துகொள்ளும். எல்சி அறுநூறு கிலோமீட்டர் ஓடி முடித்த பிறகும் இறங்க மனம் வராது.

நடுவில் 911

இந்தச் சண்டையைப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் 'ஏன், போர்ஷே 911 வாங்கினால் போயிற்று' என்று சொல்வார். 1963-இல் தொடங்கிய அந்தக் காரின் புகழே இரண்டையும் ஒன்றில் அடக்குவதுதான். நியாயமான யோசனைதான், ஆனால் எனக்கு இரண்டு தயக்கங்கள். முதலாவது, விலை ஏறிய விதம். 911-இன் அடிப்படை வகையான கரேரா, 2020 மாடல், அமெரிக்காவில் 97,400 டாலர்; 2025 மாடல் 1,20,000-ஐத் தாண்டியது. இரண்டாவது, குணம். டர்போ இருப்பதால் 2,000 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடுகிறது. எஞ்சினைக் கெஞ்சி மேலே கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. காரியம் கச்சிதமாக நடக்கிறது; அந்தக் கச்சிதமே சில நாள்களில் சலிப்பாகிறது. 2024-இல் வந்த மாற்றத்தில் அடிப்படை கரேராவில் மேனுவல் கிடையாது, மீட்டர்கள் முழுக்கத் திரைக்குள் போய்விட்டன, பின்னிருக்கையைக்கூடக் கேட்டால்தான் வைத்துத் தருகிறார்கள், அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை என்பது ஒரு பெருந்தன்மை. அலுவலகம், பள்ளி, மலைப்பாதை மூன்றுக்கும் ஒரே கார்தான் வைத்திருக்க முடியும் என்றால் மறுபேச்சில்லாமல் 911. மற்றவர்களுக்கு அது புத்திசாலித்தனமான சமரசம்.

சட்டத்துக்குட்பட்ட வேகத்தில் சுகம் என்பதுதான் அளவுகோல் என்றால் மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐ யாரும் அசைக்க முடியாது. 1,100 கிலோவுக்குள் எடை, 181 குதிரைத்திறன், குட்டைக் கியர்கள். விலை இவற்றில் மூன்றில் ஒரு பங்கு. சொகுசு என்ற சொல்லை மட்டும் அதன் அருகில் உச்சரிக்கக் கூடாது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. லெக்சஸ் இங்கே அதிகாரபூர்வமாக விற்றது வி8 அல்ல, 3.5 லிட்டர் வி6-உம் மின்மோட்டாரும் சேர்ந்த எல்சி 500எச். 2020 ஜனவரியில் அதன் விலை 1.96 கோடி ரூபாய். தோற்றமும் உள்ளலங்காரமும் அதேதான், நான் மேலே புகழ்ந்த குரல் மட்டும் இல்லை. எல்சியின் பாதிக் காரணமே அந்தக் குரல் என்பதால், இங்கே என் ஓட்டு கேமன் பக்கம் சாயும். இருங்காட்டுக்கோட்டையிலோ கோயம்புத்தூரின் கரி பந்தயப் பாதையிலோ அதன் மூன்றாம் கியரையும் பார்த்துவிடலாம். போகும் வழியிலுள்ள வேகத்தடைகளைப் பற்றி மட்டும் உத்தரவாதம் தர முடியாது. ஜிடிஎஸ்-இன் சஸ்பென்ஷன் சாதாரண கேமனைவிட 20 மில்லிமீட்டர் தாழ்வு.

மற்ற இடங்களில் என் தீர்ப்பு இது: வாரத்தில் ஐந்து நாளும் ஓட்டப்போவது ஒரே கார் என்றால் எல்சி. வீட்டில் வேறொரு கார் இருந்து, அருகில் வளைவுகளுள்ள ஒரு சாலையும் இருந்தால் கேமன். 718-இன் உற்பத்தி 2025 அக்டோபரில் நின்றுவிட்டதால் கேமனைப் பழைய கார்ச் சந்தையில்தான் தேட வேண்டும். மேனுவலா பிடிகேயா என்று முடிவெடுக்கும் முன் இரண்டையும், நீங்கள் வழக்கமாகப் போகும் சாலையில், இரண்டாம் கியரில் ஓட்டிப் பாருங்கள். எல்சியைப் பழையதாக வாங்குவதென்றால் 2021 மாடலிலிருந்து தொடங்குங்கள். அந்த வருடம் சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் பாகங்களில் பத்து கிலோ வரை எடை குறைத்து, சஸ்பென்ஷனையும் திருத்தினார்கள். கரடான சாலையில் வித்தியாசம் தெரியும். தொடுபலகைத் தொல்லை 2023 மாடல் வரை உண்டு. அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு 2024-க்குப் போகலாம்.