ஸ்லோ குக்கரில் ராஜ்மாவும் இறைச்சியும்: நான்கு ஆண்டு அனுபவம்

ஐந்து லிட்டர் கொள்ளளவுள்ள, பீங்கான் உட்பாத்திரம் கொண்ட மின்சார ஸ்லோ குக்கர் ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். மாதம் இரண்டு முறையாவது அதில் ராஜ்மாவும் இறைச்சியும் சேர்ந்த கெட்டியான ஸ்ட்யூ வேகும். காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டால் மாலையில் உணவு தயாராகிவிடும் என்று நம்பித்தான் அதை வாங்கினேன். இறைச்சியில் அந்த நம்பிக்கை பலித்தது, ராஜ்மாவில் பலிக்கவில்லை.

சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற புரதம் உண்டு. சரியாக வேகாத ராஜ்மாவைச் சாப்பிட்டால், சில மணி நேரத்திற்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரோ, குறைந்த சூட்டில் வைத்தால், கொதிநிலையைத் தொடாமலே பல மணி நேரம் ஓடக்கூடியது. இதை அறியாமல் ஊறிய ராஜ்மாவை நேரடியாகப் போட்டு, அன்றிரவு முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பாத்திரத்தைக் குறை சொல்வதற்கில்லை, ஆனால் உடன் வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியாவது இருந்திருக்கலாம். இப்போது இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அடுப்பிலேயே 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவைத்த பிறகே குக்கருக்கு மாற்றுகிறேன்.

தக்காளியையும் தொடக்கத்திலேயே சேர்ப்பதில்லை. புளிப்பு இருந்தால் விதையின் தோலும் உட்புறமும் இளகுவது தாமதமாகும் என்பதால், ராஜ்மா விரலால் நசுங்கும் பதத்துக்கு வந்த பின்பே அதைச் சேர்ப்பேன். ஊறவைக்கும் நீரில் சிறிது உப்புப் போட்டால் தோல் மென்மையாகிறது. உப்புச் சேர்த்தால் விதை வேகாது என்று சொல்லிக் கேட்டிருந்தேன், என் சமையலில் அப்படி ஒருமுறைகூட ஆனதில்லை. இரண்டு ஆண்டுகள் டப்பாவில் கிடந்த பழைய ராஜ்மா மட்டும் எட்டு மணி நேரத்துக்குப் பின்னும் கல்லாகவே இருந்தது.

இறைச்சியில்தான் இந்தக் குக்கர் தன் திறமையைக் காட்டுகிறது. கால், தோள், கழுத்துப் பகுதிகளில் உள்ள கொலாஜன் என்னும் இணைப்புத் திசுப் புரதம், மிதமான சூட்டில் பல மணி நேரம் இருந்தால் ஜெலட்டினாக உருகி, குழம்புக்கு வழவழப்பான கனத்தைத் தருகிறது. அவசரத்தில் ஒருமுறை கொழுப்பில்லாத மென்மையான துண்டுகளைப் போட்டேன். ஏழு மணி நேரம் கழித்து அவை நார்நாராக வறண்டுபோயிருந்தன. இறைச்சியைத் துடைத்து ஈரம் போக்கி, சூடான வாணலியில் பழுப்பு நிறம் வரும்வரை வதக்குவது ஒரு தொல்லைதான். முதல் ஆண்டு முழுவதும் அதைத் தவிர்த்தேன். அந்த ஆண்டு சமைத்த ஒவ்வொரு ஸ்ட்யூவும் வெளுத்துச் சப்பென்று இருந்தது.

மூடிய பாத்திரத்தில் நீர் அதிகம் ஆவியாவதில்லை. ஆகவே அடுப்புச் சமையலுக்கு ஊற்றும் நீரில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுகிறேன். மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை விடத்தான் நெடுநாள் ஆயிற்று, ஏனெனில் திறக்கும் ஒவ்வொரு முறையும் இழந்த சூட்டை மீட்க இந்தக் குக்கருக்குக் கால் மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கிறது.

இரண்டாம் ஆண்டில் பீங்கான் பாத்திரத்தில் விரிசல் விட்டது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சூடான அடித்தளத்தில் வைத்தது என் தவறு. மாற்றுப் பாத்திரம் வாங்கியதிலிருந்து, மிச்சத்தை இரண்டு மணி நேரத்திற்குள் ஆழமில்லாத டப்பாக்களுக்கு மாற்றிக் குளிரவைத்துவிடுகிறேன். மறுநாள் மேலே உறைந்து நிற்கும் கொழுப்பைக் கரண்டியால் எளிதாக வழித்தெடுக்க முடிகிறது. அடியில் ஸ்ட்யூ கட்டியாக இறுகியிருக்கும்; சிறிது வெந்நீர் விட்டு அடுப்பில் நன்றாகக் கொதிக்கவைத்தால், முதல் நாளைவிட அன்றுதான் அதிகம் தீர்ந்துபோகிறது.