டாஷா புக்க ஹோம்ப்ரூவுக்காக வாங்கலாமா? எட்டு ஓநாய், ஒரு யாளி, என் அனுபவம்

முதல்லயே சொல்லிடுறேன், இது முழுப் புக்குக்கான ரிவ்யூ இல்ல. டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங், பகடை உருட்டிக் கதை விளையாடுற டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் கேமுக்கான கூடுதல் ரூல் புக்கு, 2020 நவம்பர்ல வந்தது, 192 பக்கம், நாலு சாப்டர், அதுல நான் பொரட்டிப் பொரட்டி பைண்டிங் தளர்ந்து போனது என்னவோ சம்மன் ஸ்பெல் (ஜந்துவ வரவழைக்குற மந்திரம்) இருக்குற அந்தக் கொஞ்சப் பக்கம் மட்டும்தான். சப்கிளாஸ், மேஜிக் ஐட்டம், பசில் பத்தியெல்லாம் ஆளாளுக்குப் பேசி முடிச்சுட்டாங்க. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. டேபிள்ல ஒரு தம்பி வந்து "அண்ணா எனக்குன்னு ஒரு ஜந்து வேணும், கூப்ட்டா வரணும், அதுக்குன்னு தனியா ஒரு பவர் இருக்கணும்"னு கேட்டா, அத நாமளே சொந்தமா உக்காந்து எழுத, அதாவது ஹோம்ப்ரூ பண்ண, இந்தப் புக்கு கை குடுக்குமா? குடுக்குது, ஆனா வாயத் தொறந்து சொல்லித்தராது, நாமதான் பிரிச்சுப் பாத்துக் கத்துக்கணும்.

(ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி மூலை நசுங்கித்தான் வந்துச்சு, கடைப் பேரு வேணாம், திருப்பி அனுப்புனா அடுத்தது எந்த ஜென்மத்துல வருமோன்னு அப்படியே வச்சுக்கிட்டேன்.)

இந்தப் புக்கோட அருமை புரியணும்னா அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரியணும். கேமோட அடிப்படை ரூல் புக்கான 2014 ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்ல கான்ஜூர் அனிமல்ஸ்னு ஒரு மூணாம் லெவல் ஸ்பெல். சிஆர் (ஜந்து எவ்வளவு பலசாலின்னு சொல்ற நம்பர்) 2 மிருகம் ஒண்ணு கூப்டலாம், இல்ல சிஆர் கால் உள்ளத எட்டு கூப்டலாம். எட்டுன்னு பாத்தா எவன் ஒண்ணு கேப்பான்? ட்ரூயிட்டா, அதாவது காட்டு மந்திரவாதியா, விளையாடுற நம்ம தம்பியும் எட்டு ஓநாய் கேட்டான், நானும் சரின்னுட்டேன். மிருகம் எதுன்னு டிஎம்தான் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்த நடத்துறவர், எங்க டேபிள்ல நான்) முடிவு பண்ணணும்ங்கிறதுதான் அதிகாரபூர்வ விளக்கம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, ஆனா கேட்ட மூஞ்சியப் பாத்து இல்லேன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்.

கணக்கப் பாருங்க. ஒரு ஓநாய்க்கு அட்டாக் +4 (டி20ங்கிற இருபது முகப் பகடையில விழுறதோட கூட்டணும்), சேதம் 2டி4+2 (நாலு முகப் பகடை ரெண்டு உருட்டி ரெண்டு கூட்டணும்), சராசரி 7. எதிரியோட ஏசி, அதாவது அடி விழ எட்ட வேண்டிய நம்பர், 15ன்னா பாதிக்குப் பாதி விழும், ஆனா பேக் டாக்டிக்ஸ் இருக்கே, கூட ஒருத்தன் பக்கத்துல நின்னாலே அட்வான்டேஜ் (ரெண்டு டி20 உருட்டி பெருச எடுத்துக்கலாம்), அப்ப முக்கால்வாசி விழும். எட்டு ஓநாய்க்கு எட்டு ஏழு அம்பத்தாறு, அதுல முக்கால் 42. ஒரு ரவுண்டுக்கு! அதே லெவல் ஸ்லாட்ல (ஸ்பெல் போடச் செலவாகுற கோட்டா) ஃபயர்பால்ங்கிற நெருப்பு ஸ்பெல் போட்டா சராசரி 28, அதுவும் ஒரே ஒரு தடவ. சரி பலம்தான் ஜாஸ்தின்னு விட்டுடலாம், நேரம்? ஒவ்வொரு ரவுண்டும் பதினாறு டி20 உருட்டணும், அப்புறம் சேதம், அப்புறம் கடிபட்டவன் விழுந்தானான்னு ஸ்ட்ரெங்த் சேவ் (தப்பிக்க உருட்டுறது), இதுக்கு நடுவுல எந்த ஓநாய் எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு சண்ட. அன்னிக்கு நாங்க பல்லாங்குழிச் சோழியத்தான் ஓநாயா வச்சிருந்தோம், யாரோ டீ கிளாஸ வைக்கப்போய் ரெண்டு உருண்டு எங்கயோ போச்சு. ஃபைட்டர் விளையாடுன அண்ணன் தன்னோட டர்ன் வர்றதுக்குள்ள மாடிக்குப் போய் ஃபோன் பேசிட்டு வந்துட்டாரு. ஓநாய்க்கு ஹெச்பி (உயிர்ப் புள்ளி) வெறும் 11, எதிரிப் பக்கத்துல இருந்து ஒரு ஃபயர்பால் விழுந்தா சேவ் பண்ணி பாதி வாங்குனாலும் மொத்தக் கூட்டமும் காலி. ஒண்ணு சண்டையவே முடிச்சுடும், இல்லன்னா ஒரு நொடியில மொத்தமா போயிடும், நடுவுல ஒண்ணும் கெடையாது.

டாஷா இத எப்படித் தீக்குதுன்னா, எட்டு வேணாம் ஒண்ணு போதும், அதுக்கும் மான்ஸ்டர் மேனுவல் பொரட்ட வேணாம், ஸ்பெல்லுக்குக் கீழயே ஸ்டாட் பிளாக் (ஜந்துவோட நம்பரெல்லாம் இருக்குற பெட்டி), அதுல வர்ற நம்பரெல்லாம் நீ செலவழிச்ச ஸ்லாட் லெவல்ல கட்டித் தொங்குது. சம்மன் பீஸ்ட் எடுத்துக்குவோம், ரெண்டாம் லெவல் ஸ்பெல். ஏசி 11 கூட்டல் ஸ்பெல் லெவல். நிலத்துல நடக்குறதுக்கு ஹெச்பி 30, பறக்குறதுக்கு 20, ரெண்டுக்கு மேல ஒவ்வொரு லெவலுக்கும் அஞ்சஞ்சு கூடும். குறிபாக்குறது உன் ஸ்பெல் அட்டாக் மாடிஃபையர்லயே. அடி 1டி8+4 கூட ஸ்பெல் லெவல். ஸ்பெல் லெவல்ல பாதி எவ்வளவோ அத்தன அடி. உன் டர்ன் முடிஞ்ச கையோட அதோட டர்ன், வாயால கட்டள போட்டா போதும், அதுக்குன்னு உன் ஆக்‌ஷன் செலவாகாது, ஒண்ணும் சொல்லலன்னா டாட்ஜ் பண்ணிட்டு நிக்கும். பழைய பீஸ்ட் மாஸ்டர் ரேஞ்சர், செல்லப்பிராணிய அடிக்கச் சொல்லத் தன்னோட ஆக்‌ஷனையே தியாகம் பண்ணிட்டு நின்ன கொடுமையப் பாத்தவங்களுக்கு இந்த ஒரு வரியே போதும். அந்த ரேஞ்சருக்கும் இதே புக்குல புது மிருகம் குடுத்திருக்காங்க, அதுக்குப் போனஸ் ஆக்‌ஷன் போதும்.

ஹோம்ப்ரூ பண்றவன் இங்க கவனிக்க வேண்டியது அந்தப் பாதிக் கணக்க. பாதின்னா கீழ ரவுண்ட் பண்ணணும், அப்ப ரெண்டாம் லெவல்ல ஒரு அடி, மூணாம் லெவல்லயும் ஒரே அடிதான், நாலுல போய் ரெண்டு. சராசரி பாத்தா மூணாம் லெவல் ஸ்லாட்ல 11.5, நாலாம் லெவல்ல ரெண்டு அடியும் விழுந்தா 25. ஒரே படியில டபுளுக்கும் மேல. நீங்க எழுதுற பவர் "ஒவ்வொரு தடவ அடி விழும்போதும்"னு ஆரம்பிச்சா அதுவும் அந்தப் படியில டபுளாகும், மூணாம் லெவல்ல டெஸ்ட் பண்ணிட்டு சூப்பர்னு விட்டுட்டா ரெண்டு மாசம் கழிச்சு வெடிக்கும். இதப் புக்கு எங்கயும் எச்சரிக்கல. சொந்தமா சம்மன் எழுதுறது எப்படின்னு ஒரு அரைப் பக்கம் போட்டிருந்தா இந்த ரிவ்யூவுக்கே வேல இருந்திருக்காது.

சரி யாளிக்கு வருவோம். தம்பிக்கு ஓநாய் அலுத்துப் போச்சு, கோயில் தூண்ல இருக்குற யாளி வேணும்னான், சிங்க உடம்பு, தும்பிக்கை. எனக்கும் ஆசதான், ராத்திரியோட ராத்திரியா உக்காந்து சம்மன் பீஸ்ட்ட அப்படியே எடுத்து அது மேல மூணு பவர ஏத்துனேன்: அடிச்சா தும்பிக்கையால பிடிச்சுக்கும், கர்ஜிச்சா பத்து அடிக்குள்ள இருக்குறவன் பயப்படுவான், ஓடி வந்து மோதுனா கீழ விழுவான். தனித்தனியா படிச்சா மூணும் நியாயமாத்தான் இருந்துச்சு. டேபிள்ல என்னாச்சுன்னா, எதிர்ல வந்த ஓகர, அதாவது ஒரு அரக்கன, மோதித் தள்ளி தும்பிக்கையால பிடிச்சுக்கிச்சு, பிடியில இருக்குறவனுக்கு ஸ்பீடு பூஜ்யம், ஸ்பீடு இல்லாம எந்திரிக்க முடியாது, விழுந்து கெடக்குறவன பக்கத்துல நின்னு அடிக்குற எல்லாருக்கும் அட்வான்டேஜ். ஓகர் ஒரு தடவகூட நிமிரல. நான் பாவம் அந்த ஓகருக்கு ஒரு பேரு, ஒரு வசனம் எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன்.

இதுக்கு மேல இன்னொரு முட்டாள்தனமும் பண்ணேன். அடிபட்டா கான்சன்ட்ரேஷன் (ஒரு ஸ்பெல்ல கலையாம கவனத்துல பிடிச்சிருக்குறது, ஒரு நேரத்துல ஒண்ணுதான்) போயிடுதே, ட்ரூயிட் பாவம்னு யாளிக்குக் கான்சன்ட்ரேஷன் வேணாம்னு எழுதிட்டேன். தம்பி சிரிச்சான், அப்பவே எனக்குத் தோணியிருக்கணும். அடுத்த சண்டையில ஸ்பைக் க்ரோத் போட்டான், தரையெல்லாம் முள்ளு, உள்ள அஞ்சு அடி நகந்தா 2டி4 சேதம். யாளி முள்ளுக்கு வெளிய ஓரமா நடக்குது, பிடிபட்டவன் உள்ள இழுபடுறான், பாதி ஸ்பீடுன்னாலும் பதினஞ்சு அடி, அப்ப 6டி4. தேங்காத் துருவுற மாதிரி துருவிட்டான். டேபிள்ல எல்லாரும் கைதட்டுறாங்க, நான் மட்டும் ஸ்க்ரீனுக்குப் பின்னாடி தலைல கை வச்சு உக்காந்திருக்கேன். ரூல்ல ஒரு பூட்டு தொங்குதுன்னா அது சும்மா தொங்கலன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது. இந்தப் புக்குல இருக்குற எல்லா சம்மன் ஸ்பெல்லுக்கும் கான்சன்ட்ரேஷன் உண்டு.

அப்புறம்தான் புக்க ஒழுங்கா படிச்சேன், குறிப்பா சம்மன் ஃபே, அதாவது தேவதைய வரவழைக்குற ஸ்பெல். என்னக் கேட்டா, மொத்தப் புக்குலயும் இதுதான் நல்லா யோசிச்சு எழுதுன சம்மன். ஒரே ஒரு பவர், போனஸ் ஆக்‌ஷன்ல 30 அடி டெலிபோர்ட். அவ்வளவுதான். ஆனா கூப்பிடும்போதே அதோட மனநிலைய நீ தேர்ந்தெடுக்குற: கோவமா இருந்தா குதிச்சதும் அடுத்த அடிக்கு அட்வான்டேஜ், குஷியா இருந்தா ஒருத்தன மயக்கப் பாக்கும், குறும்பா இருந்தா பக்கத்துல அஞ்சு அடிக் கட்டத்த இருட்டாக்கும். மூணு பவரயும் ஒண்ணா அள்ளிக் கொட்டல, மூணுல ஒண்ண எடுத்துக்கோன்னு விட்டிருக்காங்க. நான் என்ன பண்ணேன்? பிரியாணி மேல சாம்பார் ஊத்தி அதுமேல பாயசத்த ஊத்துனேன்.

ரெண்டாவது யாளிய எழுதும்போது தம்பிகிட்ட ஒரே ஒரு வினைச்சொல் கேட்டேன், யாளி என்னடா செய்யும்? ரொம்ப நேரம் யோசிச்சுட்டு "விடாம பிடிக்கும்ணா"ன்னான். சரி, பிடிமட்டும். கர்ஜனை போச்சு, மோதல் போச்சு, பேக் டாக்டிக்ஸும் போச்சு, டி8 டி6 ஆச்சு, கான்சன்ட்ரேஷன் திரும்பி வந்துச்சு. அடி விழுந்தா லார்ஜ் சைஸ் வரைக்கும் பிடிச்சுக்கலாம், தப்பிக்கணும்னா உன் ஸ்பெல் சேவ் டிசிய (உன் ஸ்பெல்ல இருந்து தப்பிக்க எட்ட வேண்டிய நம்பர்) தாண்டணும், ஆனா பிடிச்சிருக்குற வரைக்கும் யாளி வேற யாரையும் அடிக்கக் கூடாது. இந்தக் கடைசி வரிதான் எல்லாத்தையும் மாத்துச்சு. இப்ப ஒவ்வொரு டர்னும் தம்பி யோசிக்குறான், இவன விட்டுட்டு அந்த ஹீலர் பக்கம் போகட்டுமா, இல்ல இவன விட்டா நம்ம விஸார்ட் செத்துருவாளா? விஸார்ட் விளையாடுற பொண்ணு "விட்டேன்னு வை, கொன்னுருவேன்"ங்குது. எட்டு ஓநாய் இருந்தப்பகூட டேபிள்ல இவ்வளவு பேச்சு இல்ல.

பலம் சரியா இருக்கான்னு பாக்க ஒரு குறுக்கு வழி. 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடுல சொந்த ஸ்பெல் எழுதுறவங்களுக்கு ஒரு சேத அட்டவணை இருக்கு, மூணாம் லெவல்ல ஒரே ஆள அடிக்குறதுக்கு 5டி10, சராசரி 27.5. சம்மன் பீஸ்ட்ட மூணாம் லெவல்ல போட்டு மூணு ரவுண்டு நின்னு, நூத்துக்கு 65 அடி விழுந்துச்சுன்னு வைங்க, 22 சொச்சம் வரும். மிச்சம் இருக்குற அஞ்சு புள்ளிதான் உங்க பவருக்கான பட்ஜெட், அதுலயும் அந்த மிருகம் உங்களுக்குப் பதிலா வாங்குற அடிய கழிக்கணும். துல்லியமான கணக்கு இல்லதான், ஆனா என்னோட முதல் யாளி மாதிரி அட்டூழியத்த இது பேப்பர்லயே காட்டிக் குடுத்துரும்.

குறை சொல்லாம இருக்க முடியல. மிருகமெல்லாம் ஒரே அச்சு. கரடின்னு சொன்னாலும் மான்னு சொன்னாலும் நம்பர் அதேதான், பழைய ஸ்பெல்ல மான்ஸ்டர் மேனுவல பொரட்டி "இத கூப்டலாமா அண்ணா"ன்னு கேக்குற அந்தக் குதூகலம் இதுல இல்ல. அப்புறம் செலவு, சம்மன் பீஸ்ட்டுக்கே 200 கோல்டு மதிப்புல தங்க முலாம் பூசுன ஓக் கொட்டை வேணுமாம். லெவல் மூணு ட்ரூயிட்டுக்கு அது பெரிய காசு. நான் அத ஒரு பாட்டிகிட்ட இருந்து வாங்குற குட்டிக் கதையா மாத்திட்டேன், அது வேற விஷயம். நாலாவது சாப்டர்ல சைட்கிக் ரூல்ஸ் இருக்கு, கூடவே நடந்து லெவல் ஏறுற துணைக்கு அது நல்லா இருக்கும், கூப்ட்டு வந்து ஒரு மணி நேரத்துல மறையுற ஜந்துக்கு ஒத்து வராது.

பாத்ஃபைண்டர்னு இதே மாதிரி இருக்குற இன்னொரு கேம் விளையாடுறவங்க இதப் படிச்சு சிரிப்பீங்க, தெரியும். உங்க ரெண்டாம் எடிஷன் சம்மனருக்கு 2021லயே ஐடலான்னு ஒரு துணை ஜந்து வந்தாச்சு, ரெண்டு பேருக்கும் ஒரே ஹெச்பி, ஆக்‌ஷனும் பங்குதான், அவன அடிச்சா இவனுக்கு வலிக்கும். டிசைனா பாத்தா அது இத விட அழகு, ஒத்துக்குறேன். ஆனா என் டேபிள அங்க நகத்துறதுக்கு நான் யாளியவே இன்னும் பத்து தடவ எழுதிடுவேன்.

2024 ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக் வாங்கியாச்சுன்னா அவசரப்பட்டு இத வாங்க வேணாம், சம்மன் ஸ்பெல்லுங்க பெரும்பாலும் அதுக்குள்ளயே வந்துடுச்சு, கான்ஜூர் அனிமல்ஸும் ஸ்டாட் பிளாக்கே இல்லாம ஆவிக்கூட்டமா மாறிடுச்சு. 2014லயே ஓட்டுற டேபிள், அதுல டிஎம்முக்கு எழுதுற அரிப்பு வேற உண்டுன்னா வாங்கலாம், யார்கிட்டயாவது செகண்ட் ஹேண்ட் கெடைச்சா இன்னும் நல்லது, மூலை நசுங்கியிருந்தாலும் பரவால்ல.

இந்த ஞாயித்துக்கிழம தம்பி லெவல் 7. நாலாம் லெவல் ஸ்லாட், யாளிக்கு ரெண்டு அடி. பிடிச்சவனயேதான் ரெண்டு தடவயும் அடிக்கணுமா, இல்ல முதல் அடியில விட்டுட்டு ரெண்டாவதுல இன்னொருத்தன பிடிக்கலாமான்னு நேத்து ராத்திரி மெசேஜ் போட்டான். இன்னும் பதில் போடல.