இரண்டாண்டு பி.எட்.: பணம் கட்டும் முன் எந்தப் பள்ளி என்று கேளுங்கள்

முதுகலை முடித்த தம்பி தங்கைகள் பலர், பி.எட். சேரலாமா, எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று ஆண்டுதோறும் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதைச் சேர்த்து எழுதிவிடுகிறேன். நான் எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, டெல்டா பகுதியில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.எட். படித்தவள். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம். இப்போது அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன்.

படித்தே ஆகவேண்டுமா என்றால், ஆகவேண்டும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு எடுக்கும் முதுகலை ஆசிரியர் பணிக்கு உரிய பாடத்தில் முதுகலைப் பட்டத்துடன் பி.எட்.டும் இருந்தால்தான் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியும். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு இளங்கலை, பி.எட்., இவற்றோடு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சியும் வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளால், ஓராண்டாக இருந்த பி.எட். 2015-16 கல்வியாண்டு முதல் இரண்டாண்டாயிற்று. பிளஸ் டூவுக்குப் பிறகு மூன்றும் இரண்டும் இரண்டும் ஏழு ஆண்டுகள். அத்தனை காலம் ஒரு குடும்பம் பிள்ளையின் சம்பளத்துக்குக் காத்திருக்கிறது. அந்தக் கடைசி இரண்டாண்டில் என்ன கிடைக்கிறது என்று கறாராகப் பார்ப்பதில் தவறே இல்லை.

வகுப்பறைப் பாடங்கள் சுமார்தான். கல்வி உளவியலில் பியாஜே, வைகாட்ஸ்கி, புரூனர் என்று கற்றலை ஆராய்ந்த அறிஞர்கள் எல்லாரும் வருவார்கள். எங்களுக்கு அது குறிப்பு சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் வகுப்பாகவே இருந்தது. குழந்தை எப்படிக் கற்கிறது என்று சொல்லும் பாடத்தையே இப்படி நடத்தினால் யாருக்கு என்ன பயன்? நுண்ணிலைக் கற்பித்தல் மட்டும் உருப்படியானது. ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு, உடன் படிப்பவர்கள் முன் நடத்திக்காட்டி, குறை கேட்டு, திருத்தித் திரும்ப நடத்தவேண்டும். தொடங்கும் திறன், கேள்வி கேட்கும் திறன், கரும்பலகைத் திறன் என்று ஒவ்வொன்றாகப் பழகும்போது கை, குரல், பார்வை எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு பிடிபடுகிறது.

அடுத்து ரெக்கார்டு நோட்டுகள். ஒவ்வொரு வகுப்பையும் எப்படி நடத்துவது என்று எழுதும் பாடத்திட்டம், அடைவுத் தேர்வு, தனியாள் ஆய்வு, உளவியல் சோதனை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எழுதிய ரெக்கார்டே விலைக்குக் கிடைக்கும். தனியாள் ஆய்வு என்றால் ஒரு மாணவனோடு பழகி, அவன் ஏன் பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை என்று வீடுவரை போய்க் கேட்டு எழுதவேண்டியது. அதையே காசு கொடுத்து வாங்கிவந்து, பெயரை மட்டும் மாற்றி வைக்கிறார்கள் என்றால் நெஞ்சு கொதிக்கிறது.

இந்தப் படிப்பு மதிப்புப் பெறுவது பள்ளிப் பயிற்சியில்தான். விதிமுறைப்படி மொத்தம் 20 வாரம்: முதலாண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. என்னை ஓர் ஊராட்சிப் பகுதியில் இருந்த அரசு மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வழிகாட்டி ஆசிரியர் ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே இருந்த ஓர் அம்மையார். முதல் நாள் என் பாடத்திட்ட நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இருக்கட்டும்மா, முதலில் ஆய்வகத்துக்கு வா" என்றார்.

அன்று பன்னிரண்டாம் வகுப்புக்குப் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல்: பியூரெட் என்ற அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து ஊதா நிறக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி அளவு படிக்கும் சோதனை. பியூரெட்டுகள் குறைவு, பிள்ளைகள் அதிகம். அவர் வகுப்பு தொடங்கும் முன்பே இரண்டு கூம்புக் குடுவைகளை வெள்ளைத்தாளின் மேல் வைத்திருந்தார். ஒன்றில் வெளிர் இளஞ்சிவப்பு, நிறுத்தவேண்டிய இடம். மற்றதில் அடர்ந்த நிறம், ஒரு சில சொட்டு கூடிப்போனால் வருவது. ஒவ்வொரு பிள்ளையும் தன் குடுவையைக் கொண்டுவந்து அந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்த்துக்கொண்டது. "மிஸ், சரியா?" என்று ஒரு குரல்கூட எழவில்லை. பெர்மாங்கனேட்டின் நிறம் அடர்த்தியாக இருப்பதால் பியூரெட்டில் கீழ்ப்பிறை, அதாவது திரவ மேற்பரப்பு வளைவின் அடிப்பகுதி, தெரியாது, மேல்விளிம்பைத்தான் படிக்கவேண்டும். அதை அவர் வாயால் சொல்லவில்லை. ஒரு பியூரெட்டில் தண்ணீரும் அடுத்ததில் பெர்மாங்கனேட்டும் நிரப்பி, "இரண்டிலும் அளவு படித்துச் சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டார். பிள்ளைகளே தங்களுக்குள் வாதாடி முடிவுக்கு வந்தார்கள்.

எம்.எஸ்சி.யில் இதே சோதனையை நான் பலமுறை செய்திருக்கிறேன். பாடம் தெரிவதற்கும் நாற்பது பேருக்கு அதைத் தெரியவைப்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை அந்த மேசையருகில்தான் கண்டேன். முதுகலைப் பட்டம் மட்டும் போதாதா, பி.எட். எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்த இரண்டு குடுவைகள். இன்றும் என் ஆய்வகத்தில் அவற்றை வைத்த பிறகே வகுப்பைத் தொடங்குகிறேன்.

ஆனால் என்னோடு படித்த எல்லாருக்கும் இது வாய்க்கவில்லை. சிலரை அனுப்பிய பள்ளிகளில், விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பில் உட்காரவைத்தார்கள். அவர்கள் பாடம் நடத்துவதை யாரும் பார்க்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. "வகுப்புக்கு வரவே வேண்டாம், கட்டணம் கட்டித் தேர்வுக்கு மட்டும் வாருங்கள்" என்று வெளிப்படையாகவே ஆள் சேர்க்கும் இடங்களும் உண்டு. பாடங்களுக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை வேண்டும் என்கிறது விதி. அப்படிப்பட்ட இடத்தில் கட்டும் பணத்துக்குச் சான்றிதழ் வரும், அவ்வளவுதான். நாளைக்கு அந்தச் சான்றிதழோடு வகுப்பில் நிற்பவரிடம் படிக்கப்போவது ஊர்ப்பிள்ளைகள். இதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முதுகலை முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். கொண்டுவரலாம் என்று 2025-இல் வெளியான வரைவு விதிமுறைகள் சொல்கின்றன. எனக்கு அதில் முழுச் சம்மதம், ஒரு நிபந்தனையோடு: குறிப்பெழுதும் வகுப்புகளை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கட்டும், பள்ளியில் இருக்கும் வாரங்களில் கை வைக்கவேண்டாம்.

எம்.எட்.டையும் சேர்த்தே முடித்துவிடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பள்ளி ஆசிரியர் பணிக்கு அது தேவையில்லை. கூடுதல் பட்டத்துக்குக் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வையும் தமிழ்நாடு அரசு 2020-இல் நிறுத்திவிட்டது. கல்வியியல் கல்லூரியில் கற்பிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

மதிப்பெண் இருந்தால் கலந்தாய்வில் அரசுக் கல்லூரியையோ உதவிபெறும் கல்லூரியையோ முதலில் பாருங்கள். கட்டணம் வெகுவாகக் குறையும். சுயநிதிக் கல்லூரிதான் என்றால், கட்டடத்தையும் பேருந்து வசதியையும் காட்டும்போது தலையாட்டிவிட்டு, போன ஆண்டு மாணவர்களைப் பயிற்சிக்கு எந்தெந்தப் பள்ளிக்கு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். உங்கள் பாடத்துக்கு அங்கே மேல்நிலை வகுப்பு இருக்கிறதா, கல்லூரியிலிருந்து யாராவது வந்து நீங்கள் பாடம் எடுப்பதைப் பார்ப்பார்களா என்பதையும் விடாதீர்கள். அலுவலகத்தில் மழுப்பினால், இரண்டாம் ஆண்டு படிக்கும் யாரையாவது தேடிப்பிடித்து இதையே கேளுங்கள். பள்ளியின் பெயரையும் வழிகாட்டி ஆசிரியரின் பெயரையும் அவர் தயங்காமல் சொன்னால் அந்தக் கல்லூரியில் தாராளமாகச் சேரலாம்.