1965 டீலக்ஸ் ரிவெர்ப்: நான்கு ஆண்டுகளும் ஒரு ரெசிஸ்டரும்

பழைய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டு மூன்று நாளாகிறது. என்னுடையது போன வாரம்தான் பழுது நீங்கி வீடு திரும்பியது. மனம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 22 வாட், ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், இரண்டு 6வி6 வால்வு (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) என்பதெல்லாம் இதைப் படிக்க வந்தவர்களுக்குத் தெரிந்ததுதான்.

நான்கு ஆண்டுகளாக என்னை அரித்துக்கொண்டிருந்தது ஒரு சத்தம். ஆம்ப்பைப் போட்டுப் பத்து நிமிடம் வரை ஒன்றும் இருக்காது. சூடேறியதும், காய்ந்த சருகின் மேல் யாரோ மெல்ல நடப்பதுபோல ஸ்பீக்கருக்குள் சரசரப்பு தொடங்கும். கிட்டார் வயரைப் பிடுங்கினாலும் நிற்காது, வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கினாலும் நிற்காது. கோளாறு வால்யூமுக்குப் பிந்தைய கட்டத்தில் இருக்கிறது என்பது அதிலிருந்தே தெரிகிறது. வாசித்துக்கொண்டிருக்கும்போது அது காதில் விழாது. ஒரு சுரத்தை நீளவிட்டு, அது தேய்ந்து அடங்கும் அந்தக் கடைசி நொடியில்தான் வந்து நிற்கும். இந்த ஆம்ப்பை வாங்கியதே அந்தக் கடைசி நொடிக்காகத்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதல் மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் செய்த நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கெப்பாசிட்டர்களை மாற்றினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன அவை உள்ளே உலர்ந்து போயிருந்தன. மாற்றாமல் ஓட்டியிருந்தால் ட்ரான்ஸ்ஃபார்மரே போயிருக்கலாம். இரட்டை முள் வயரை எடுத்துவிட்டு, நில இணைப்புள்ள மூன்று முள் வயரைப் போட்டார். மின் இணைப்பிலிருந்து சேசிஸுக்கு, அதாவது உள்ளிருக்கும் உலோகச் சட்டத்துக்கு, ஓடும் அந்த ஆபத்தான கெப்பாசிட்டரையும் அகற்றினார். அது பழுதானால் கிட்டார் கம்பியில் மின்சாரம் ஏறும். கம்பியில் விரல் இருக்கும்போது உதடு மைக்கில் படும் கணத்தைப் பற்றிய பயம் எனக்கு அன்றோடு போனது. அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஆனால் நான் கேட்காத ஒன்றையும் செய்தார். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஒலியைக் கடத்தும் நீல நிறக் கெப்பாசிட்டர்கள் அத்தனையையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்திருந்தார். இவ்வளவு காலம் கழித்தும் கசியாமல் நிற்பதற்குப் பேர்போன ரகம் அது. எங்கே என்று கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். சரசரப்பு மட்டும் அப்படியே இருந்தது.

பழைய கருவிகளைச் சேர்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று விளக்க வேண்டியதில்லை. மாற்றிய பாகம் எதுவானாலும் அதை ஓர் உறையில் போட்டு ஆம்ப்போடு வைத்திருப்பது வழக்கம். அப்போதுதான் அடுத்து வருபவருக்கு இதன் வரலாறு கைமாறும். குப்பைக்குப் போனது போனதுதான்.

போன வாரம் இதைச் சரிசெய்தவர் வேறு ஒருவர். முதலில் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான்காவதைக் கழற்றியதும் சரசரப்பு நின்றது. அதே இடத்தில் புது வால்வு போட்டார், சத்தம் திரும்பி வந்தது. பிறகு ஒரு மெல்லிய மரக்குச்சியை எடுத்து, ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாகங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தார். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருப்பதால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். பழுப்பு, கறுப்பு, மஞ்சள் பட்டை போட்ட ஒரு ரெசிஸ்டரில் (மின்தடையில்) குச்சி பட்டதும் ஸ்பீக்கர் படபடவென்று வெடித்தது. அணைத்து, மின்னழுத்தம் வடிந்த பிறகு கழற்றி அளந்தார். பட்டை நிறங்களின்படி 100 கிலோ ஓம் இருக்க வேண்டியது 138 காட்டியது. கார்பன் தூளை அழுத்திச் செய்த அந்தக் காலத்து ரெசிஸ்டர்கள் ஈரத்தாலும் சூட்டாலும் இப்படி மேலே ஏறும், சத்தமும் போடும். ஆம்ப்பைச் செய்தவர்களின் தவறல்ல, பொருளின் இயல்பு. அரை மணி நேர வேலை. இதற்கா இரண்டு ஆண்டுகள், இதற்கா அந்த நீல வரிசை போக வேண்டும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இனி ஒலி. வால்யூம் நான்கில் இருக்கும்போது மெல்ல மீட்டினால் கண்ணாடிபோல் தெளிவு, சற்று அழுத்தினால் ஓரம் மட்டும் உடைகிறது. எந்த இடத்தில் உடைய வேண்டும் என்பது என் மணிக்கட்டில் இருக்கிறது, குமிழில் இல்லை. நடு சுருதிக்குத் தனிக் குமிழ் கிடையாது. ஒரு நாளும் தேடியதில்லை. முகப்பில் வைப்ரேட்டோ என்று எழுதியிருப்பது உண்மையில் ட்ரெமோலோ. ஒலியின் அளவுதான் ஏறி இறங்குகிறது, சுருதி அசைவதில்லை. மெதுவாக வைத்து ஒரே ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டே ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன். எதிரொலி தரும் ரிவெர்ப்புக்குப் பெட்டியின் அடியில் நிஜமான இரண்டு ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. ஆம்ப்பைத் தெரியாமல் இடித்தால் அறைக்குள் இடி விழும்.

தேதி படிப்பதும் தனி இன்பம். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வால்வு அட்டவணைத் தாளில் ஓஜே (OJ) என்று முத்திரை. ஏ என்றால் 1951 என்று எண்ணிக்கொண்டு வந்தால் ஓ என்பது 1965, ஜே என்பது பத்தாவது மாதம். ட்ரான்ஸ்ஃபார்மரில் 606-5-38. அதன் கடைசி எண்கள் அதே ஆண்டின் 38ஆவது வாரத்தைச் சொல்கின்றன. இரண்டும் ஒத்துப்போகின்றன. அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் ஃபெண்டரை வாங்கியது 1965 ஜனவரியில். அதற்குப் பிறகு செய்தது என்பதால் இதைத் தள்ளிவைக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. உள்ளே இருப்பது 1963இன் அதே ஏபி763 சர்க்யூட்தான் என்பதால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. சேசிஸுக்குள் ஒரு துண்டுக் காகித டேப்பில், வயர் இணைத்த பெண்ணின் முதற்பெயர் பென்சிலில் இருக்கிறது. கையெழுத்து இன்னும் மங்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். 1993இலிருந்து ஃபெண்டரே இதன் மறுபதிப்பைச் செய்கிறது. கையால் வயர் இணைத்ததல்ல, பிரிண்டட் சர்க்யூட் பலகைதான், ஆனால் அதை எடுத்தால் நிம்மதியாக வாசிக்கலாம். அதையும் மீறிப் பழையதையே எடுப்பதென்றால், கழற்றும் ஒவ்வொரு பாகமும் திரும்பி வர வேண்டும் என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் உள்ளே நன்றாகப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. அதில் நீலக் கெப்பாசிட்டர்கள் பாதி தெரிகின்றன. மீதியின் மேல் என் கை நிழல் விழுந்திருக்கிறது.