லயனா, கார்ல்ஸ்பேர்க்கா? உப்புவெளி மேசையில் இரண்டு போத்தல்

லண்டனில் இருந்து வந்திருந்த மச்சானோடு போன ஆடியில் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் இருந்தேன். நான் லயன் லாகர் சொன்னேன். "ஊர்ப் பியர் எப்பவும் இருக்கும்தானே மச்சான், எனக்கு வெளிநாட்டுச் சாமான் ஒன்று எடு" என்று அவன் கார்ல்ஸ்பேர்க் கேட்டான். இரண்டும் குளிர்ந்து, வேர்த்து, மேசைக்கு வந்தன. பச்சைப் போத்தலைத் திருப்பி, லேபலின் பொடி எழுத்தைக் காட்டினேன். இரண்டும் கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் வடித்தவை. உரிமம் பெற்று லயன் நிறுவனமே இங்கே கார்ல்ஸ்பேர்க்கையும் தயாரிக்கிறது.

சரி, ஒரே ஆலை என்றால் ஒப்பிட என்ன இருக்கிறது? இரண்டும் உலகத்துக்குப் போன வழி வேறு வேறு.

பிறந்த இடம் மட்டும் ஒன்றுபோல. 1847இல் ஜே. சி. யாக்கொப்சன் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனுக்கு வெளியே ஒரு மேட்டில் ஆலை கட்டி, ஐந்து வயது மகன் கார்லின் பெயரை வைத்தார். கார்ல்ஸ்பேர்க் என்றால் கார்லின் மலை. லயனும் மலைப் பிள்ளைதான். நுவரெலியாவின் குளிரையும் ஊற்றுத் தண்ணீரையும் நம்பி வெள்ளைக்காரர் பியர் வடிக்கத் தொடங்கிய இடத்தில், 1881இல் லயனின் முன்னோடியான சிலோன் புறூவரி உருவானது. அங்கிருந்து பியகமவுக்கு இறங்கியது 1990களின் பிற்பகுதியில்.

கார்ல்ஸ்பேர்க்கின் பெரிய சாதனை விற்பனை அல்ல, ஈஸ்ட். அந்தக் காலத்தில் ஒரு தொட்டி நன்றாக வரும், அடுத்தது கெட்டுப்போகும். காட்டு ஈஸ்ட் கலப்பதுதான் காரணம். அவர்களுடைய ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்தியன் ஹான்சன் 1883இல் ஒரே கலத்தில் இருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். யாக்கொப்சன் அதைப் பூட்டி வைக்கவில்லை, மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார். இந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவர்கள்மேல் பெரிய மதிப்பு உண்டு. மூதூர்ப் பக்கம் காலையில் இறக்கிய பனங்கள்ளு பின்னேரத்துக்குள் புளித்து வேறு சாமானாகிவிடும். முட்டியை விட்டுத் தூரம் போகாது. ஈஸ்ட்டை அடக்கி, பிறகு போத்தலைச் சூடாக்கி அதன் வேலையை நிறுத்தியதால் பியர் கெடாமல் தூரம் போனது.

கார்ல்ஸ்பேர்க் 1868இலேயே எடின்பரோவுக்குப் பியர் அனுப்பிப் பார்த்தது. ஆனால் உலகத்தைப் பிடித்தது ஏற்றுமதியால் அல்ல. 1968இல் மலாவியில் ஆலை திறந்தது. பிறகு நாடு நாடாகக் கூட்டு, உரிமம், பங்கு. லயனிலும் அதன் மலேசிய நிறுவனம் ஏறத்தாழக் காற்பங்கு வாங்கியது. தண்ணீர் நம்முடையது, வேலையாட்கள் நம்முடையவர்கள், செய்முறையும் பெயரும் டென்மார்க்.

லயன் போனது நேர்மாறாக, போத்தலிலேயே. அதுவும் லாகரைவிட ஸ்டவுட்தான் பெயர் வாங்கியது. 8.8 வீதம் மதுசாரம், கறுப்பு, கோப்பியும் கறுப்புச் சொக்லேட்டும் சேர்ந்த மாதிரி ஒரு கசப்பு. பிரித்தானியப் பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல) அதைப் புகழ்ந்து எழுதிய பிறகு வெளிநாட்டுப் பியர்ப் பிரியர்கள் தேடத் தொடங்கினார்கள். ஊரில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மது விளம்பரமே கிடையாது. 2016 மே வெள்ளத்தில் களனி கங்கை ஆலைக்குள் புகுந்து உற்பத்தியே நின்றது. இவ்வளவுக்குப் பிறகும் அந்தச் சிங்கத் தலை நிற்பது சின்ன விஷயம் இல்லை.

அப்போ திருமலையில் எதை எடுப்பது? பகலில், வெயிலில், லயன் லாகர். வெளிச்சம் பட்டால் பியருக்குக் கசப்புக் கொடுக்கிற ஹொப்ஸ் பூவின் சாறு கெட்டு ஒரு நாற்றம் வரும். மண்ணிறக் கண்ணாடி அதைத் தடுக்கும், பச்சைக் கண்ணாடி அவ்வளவு தடுக்காது. கார்ல்ஸ்பேர்க் வேண்டுமென்றால் ரின்னில் கேளுங்கள். ஸ்டவுட்டை இரவுக்கு வைத்து, பொரித்த கணவாயோடு மெதுவாகக் குடியுங்கள். கடற்கரை வெக்கைக்கு அது கொஞ்சம் பாரம்.

மச்சான் பச்சைப் போத்தலைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "லண்டனில் லயன் ஸ்டவுட்டை நான் தமிழ்க் கடையில் தேடிப் போய் வாங்குறனான்." கடைத் தம்பியைக் கூப்பிட்டு ஒன்று சொன்னோம்.