பீமில் ஓட்டை போட்டாயிற்று: கார்பன் துணியா, இரும்புத் தகடா?

கட்டி முடித்த கட்டடத்தில் ஏசி டக்ட் போக பீமின் பக்கவாட்டில் செவ்வக ஓட்டை போடுகிறார்கள். அந்த இடத்தில் பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றி வரும் ரிங் கம்பிகள் அறுந்துபோகும், பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் ஷியர் விசையைத் தாங்கிய கான்கிரீட்டும் போய்விடும். ஓட்டைக்கு மேலும் கீழும் எஞ்சும் இரண்டு பட்டைகள்தான் மூலைவிட்டக் கம்பி இல்லாத வீரெண்டீல் சட்டம்போல வளைந்து விசையைக் கடத்த வேண்டும். விரிசல் வழக்கமாக ஓட்டையின் மூலையில்தான் தொடங்கும். அந்த இடத்தை வலுப்படுத்த எபாக்ஸி பசையால் கார்பன் துணி ஒட்டலாம், அல்லது இரும்புத் தகடு பொருத்தலாம்.

கார்பன் ஃபைபர் துணியின் பெரிய பலம் எடைக் குறைவு. ஓர் அடுக்கு 0.167 மி.மீ. போலத்தான் இருக்கும், துருப்பிடிக்காது, இரண்டு பேர் ஒட்டிவிடலாம். ஓட்டை இருப்பதே இதற்கு ஒரு வசதி: கீழ்ப்பட்டையை ஓட்டை வழியாக முழுச் சுற்றாகச் சுற்றிவிடலாம், துணி பிரிந்துவர இடமில்லை. மேல்பட்டையில்தான் சிக்கல். மேலே ஸ்லாப் இருப்பதால் 'யு' வடிவில்தான் ஒட்ட முடியும். அதன் நுனி ஸ்லாபுக்கு அடியிலேயே நின்றுவிடும். அங்கே கான்கிரீட் தோலோடு துணி உரிந்து வந்துவிட்டால் ஃபைபரின் வலிமை பாதிகூடப் பயன்படாது. நுனியைக் கான்கிரீட்டோடு பிடித்து நிறுத்தும் ஆங்கர் கொடுக்காத டிசைனை நான் ஏற்க மாட்டேன். சுற்றும் மூலைகளைக் குறைந்தது 13 மி.மீ. ஆரத்துக்கு உருட்டச் சொல்கிறது அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டி. சைட்டில் முதலில் தவறவிடுவது இதைத்தான்.

இரும்புத் தகடு வேறு ரகம். 6 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ. தூக்கி நிறுத்தவே ஆள் வேண்டும், பெயிண்டை விட்டுவிட்டால் துரு வரும். ஆனால் விறைப்பில் ஓர் அடுக்குத் துணியைவிடச் சுமார் 30 மடங்கு. பட்டைகள் வளைவதுதான் இங்கே பிரச்சினை என்பதால் இது முக்கியம். பீமின் இரு பக்கமும் தகடு வைத்து, ஊடுருவும் போல்ட்டால் இறுக்கி, ஓட்டையின் உள்விளிம்பிலும் தகடு சேர்த்து வெல்டிங் செய்தால் ஒரு பெட்டிபோல ஆகிவிடும். பிடிப்பு பசையை மட்டும் நம்பி இருக்காது. போல்ட்டுக்குத் துளை போடும்முன் ஸ்கேனர் வைத்துக் கம்பி எங்கே என்று பார்ப்பதும், வெல்டிங்கை முடித்த பிறகே தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே எபாக்ஸி செலுத்துவதும் அவசியம். சூட்டில் எபாக்ஸி கெட்டுவிடும்.

தீ விபத்தில் இரண்டும் அடிவாங்கும். ஆனால் சாதாரண எபாக்ஸி 60 முதல் 80 டிகிரியிலேயே தளரத் தொடங்கும். இரும்போ 500 டிகிரி வரை பெருமளவு வலிமையோடு நிற்கும். அதனால் போல்ட் போட்ட தகட்டுக்குக் கூடுதல் அவகாசம் உண்டு.

பைப்புக்கான சின்ன வட்ட ஓட்டை, அதுவும் தூணிலிருந்து தள்ளி இருந்தால், துணி போதும், மலிவாகவும் முடியலாம். தூணுக்கு அருகே பெரிய செவ்வக ஓட்டை என்றால் நான் தகட்டுக்கே போவேன். ஓட்டை இனி வேண்டாம் என்றால் கிரவுட் எனும் சுருங்காத சிமென்ட் கலவையைக் கொட்டி அடைப்பவர்களும் உண்டு. கான்கிரீட் திரும்பும், அறுந்த ரிங் திரும்பாது. தூணை ஒட்டியே, பீம் ஆழத்தில் பாதி தூரத்துக்குள் ஓட்டை கேட்டால் இரண்டையும் விட்டுவிட்டு டக்ட்டை பீமுக்குக் கீழே இறக்கச் சொல்லுங்கள். சீலிங் கொஞ்சம் தாழும், அவ்வளவுதான்.